மூட்டை திரும்பும் இடம்

உப்புக்காரத் தெருவின் அகலம்
கடைவாசலிலிருந்து கடைவாசலுக்கு இருபத்தாறு அடி.
மன்னார்குடி வெயிலில்
நாடாவின் மறுமுனையைப் பிடித்தவன்
மருந்துக்கடைப் பையன்.
பிடித்தபடியே ஒருவருக்குத்
தலைவலி மாத்திரையும் கொடுத்தான்.

கீழே உரக்கடை, ஜெராக்ஸ், பல் டாக்டர்.
மாடியில் டியூஷன்.
அதற்கும் மேலே யாரோ குடியிருக்கிறார்கள்:
கொடியில் எப்போதும் ஈரமாய் ஒரு சீருடை.
எல்லோரும் இந்தத் தெருவில்தான் இறங்க வேண்டும்.
எல்லாவற்றையும் இந்தத் தெருவில்தான் இறக்க வேண்டும்.

நடப்பவர்க்கே முதலிடம் என்றது நகராட்சி.
வரைந்தேன்.
இருபுறமும் ஐந்தடி நடைபாதை.
பைக்குகளுக்குப் பழைய நெல்மண்டி மனை.
கார்களுக்குப் பாமணி ஆற்றுப் பாலத்தருகே ஒரு திடல்.
அங்கிருந்து நாலு நிமிட நடை,
பல்வலியோடு நடந்தால் எவ்வளவு என்று தெரியாது.
லாரிக்கு ஒரு மஞ்சள் கட்டம்,
காலை ஐந்து முதல் எட்டு வரை,
டியூஷன் மாடிப்படிக்கு எதிரே.
ஏனெனில் அங்கேதான் கோடு நேராக வந்தது.

பெயிண்ட் அடிக்குமுன் ஒரு செவ்வாய்க்கிழமை
சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தோம்.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
இன்னும் கடைமடைக்கு வந்து சேராத வாரம்.
குறுவைக்கான யூரியா மட்டும் வந்துவிட்டது,
இருநூறு மூட்டை.

கலியபெருமாள் குனிந்தார்.
முதுகில் நாற்பத்தைந்து கிலோ ஏறியது.
என் நடைபாதையில் ஏறினார்,
என் பூந்தொட்டியைச் சுற்றினார்,
என் குட்டைத் தூண்களுக்கு நடுவே
பக்கவாட்டில் நுழைந்தார்.
படியிறங்கிய ஒன்பதாம் வகுப்பு
அவருக்காக நின்றது; அவர் அதற்காக நின்றார்.
நிற்கும்போதும் மூட்டைக்கு எடை உண்டு.
முப்பத்தெட்டு தப்படி.
இருநூறால் பெருக்க போனை எடுத்தேன்,
பெருக்கவில்லை.

மூன்றாவது மூட்டையை இறக்கிவிட்டு வந்து
துண்டால் கழுத்தைத் துடைத்தபடி
என் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.
"லாரி திரும்ப எடம் விட்டிருக்கீங்கம்மா.
மூட்டை திரும்ப எடம் இல்ல.
மூட்டை சொமக்கறவனுக்குக் கழுத்து கெடையாது,
தெரியுமில்ல?"

தெரியாது.
என் படத்தில் நடப்பவருக்கென்று ஓர் உருவம் உண்டு:
வட்டத் தலை, கைவீசும் உடல்,
முதுகில் ஒன்றுமில்லை.
லாரி ஒரு செவ்வகம், கடை ஒரு செவ்வகம்,
இரண்டுக்கும் நடுவே ஓர் அம்புக்குறி.
அம்புக்குறிக்கு வேர்க்கும் என்று
நான் படித்த எந்தக் கையேட்டிலும் இல்லை.

கட்டத்தை இருபது அடி கிழக்கே தள்ளினேன்.
பூந்தொட்டி போயிற்று.
நடைபாதை விளிம்பை அங்கே சரிவாக்கச் சொன்னேன்.
அன்று மாலையே அந்தச் சரிவில்
ஓர் இட்லி வண்டி ஏறி உட்கார்ந்தது,
அது வேறு தலைவலி.
ஹாஜா மைதீன் தன் கடைவாசலில்
கார் நிறுத்தும் பதினோரு வருட உரிமையைப் பற்றி
நின்றுகொண்டே முக்கால் மணி நேரம் பேசினார்.
முடிவில், "அஞ்சு மணிக்குள்ள எடுத்துடறேன்" என்றார்.
எடுக்கிறார், சில நாள்.
பங்குனியில் சாமி வரும் என்று
தூண்களைக் கழற்ற ஒரு சாவி செய்தோம்.
சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்ற கோப்பு
இன்னும் மேசை மேசையாய்ப் போகிறது.

பெயிண்ட் காயுமுன் லாரி வந்துவிட்டது.
விடிந்து பார்த்தால்
கட்டத்திலிருந்து உரக்கடை வரை மஞ்சள் பாதங்கள்.
செருப்பில்லாதவை, விரல் அகன்றவை.
போகும் பாதங்கள் அழுத்தமாய்,
திரும்பும் பாதங்கள் இருந்தும் இல்லாமலும்.
போகும்போது பதினாறு,
எண்ணிவிட்டேன்.

இதைச் சுரண்டி எடுக்கவா,
எடுத்தால் பில்லில் எந்த அயிட்டத்தில் எழுதுவது
என்று கேட்டார் காண்ட்ராக்டர்.
ஐப்பசி மழை வரட்டும் என்றேன்.